கோய்டர் கோடு: மழை நிற்கும் இடம்

தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் போனால், மூன்று மணி நேரத்துக்குள் சாலையோரம் ஒரு சின்ன நினைவுக்கல் வரும். அதில் 'கோய்டரின் மழைக்கோடு' என்று எழுதியிருக்கும். ஆறு கிடையாது, மலை கிடையாது, எல்லைக் காவல் கிடையாது. கல்லுக்குத் தெற்கே கோதுமை வயல், வடக்கே சாம்பல் நிறத்தில் முட்டளவு புதர். மாற்றம் கத்தி வைத்து வெட்டியது போல இருக்காது. ஆனால் இருபது, முப்பது கிலோமீட்டர் தாண்டித் திரும்பிப் பார்த்தால் புரிந்துவிடும், வேறு நாட்டுக்குள் வந்துவிட்டோம் என்று.

இந்தக் கோட்டை 1865இல் ஒருவர் குதிரையில் போய் வரைந்தார். அதை மதிக்கலாம் என்று 1872இல் ஒரு சட்டம் சொன்னது. மதிக்க வேண்டாம் என்று 1874இல் இன்னொரு சட்டம் சொன்னது. இரண்டாவது சட்டத்தை நம்பிப் போன குடும்பங்களின் வீடுகள் இன்றும் கூரையில்லாமல் நிற்கின்றன. தாது வருஷப் பஞ்சம் பற்றி நான் எடுத்து வரும் குறிப்புகளுக்கும் இந்தக் கோட்டுக்கும் ஒரு நிஜமான தொடர்பு இருக்கிறது. அதனால்தான் இந்தப் பதிவு. அந்தத் தொடர்புக்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த ஊரின் வானிலை எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் கோடு புரியாது.

அடிலெய்டின் ஆண்டு மழை ஐந்நூற்றுச் சொச்சம் மி.மீ.தான். அதில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பருக்குள், அதாவது அங்கே குளிர்காலத்தில் பெய்துவிடும். ஜனவரி, பிப்ரவரியில் வானம் மூடிக்கொள்ளும் நாட்களே குறைவு. வெயிலும் மழையும் ஒரே பருவத்தில் சேராத காலநிலை இது. மத்தியதரைக் கடல் வகை என்று புவியியல் பாடத்தில் படித்திருப்போம். ஏன் இப்படி? பூமியின் அந்த அட்சரேகைகளில் காற்று மேலிருந்து கீழே இறங்குகிற உயர் அழுத்தப் பட்டை ஒன்று உலகைச் சுற்றி ஓடுகிறது. இறங்குகிற காற்று சூடாகும், காய்ந்துபோகும், மேகம் கட்ட விடாது. ஆஸ்திரேலியாவின் நடுவில் பாலைவனம் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். இந்தப் பட்டை ஒரே இடத்தில் நிற்பதில்லை. கோடையில் தெற்கே நகர்ந்து 40 டிகிரி தெற்கு அட்சரேகைப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும். தெற்குப் பெருங்கடலில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குளிர் முகப்புகள் அதைத் தாண்டி நிலத்துக்கு வர முடியாது. குளிர்காலத்தில் பட்டை வடக்கே 30 டிகிரிப் பக்கம் போய்விடும். கதவு திறந்த மாதிரி. வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களில் இரண்டு என்று குளிர் முகப்புகள் கரையேறும். ஒவ்வொன்றும் ஐந்து மி.மீ., பத்து மி.மீ. என்று தூவிவிட்டுப் போகும்.

தூவும் என்றுதான் சொல்லவேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஒரே இரவில் தெரு மூழ்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மழை மாதிரியே தெரியாது. ஆனால் குளிர்காலத்தில் விழுகிற பத்து மி.மீ. மண்ணுக்குள் இறங்கும், ஆவியாகாமல் தங்கும். அதே பத்து மி.மீ. ஜனவரியில் விழுந்தால் மறுநாள் மதியத்துக்குள் காணாமல் போயிருக்கும். வறண்ட பகுதிகளில் ஆண்டு மழை எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். எந்த மாதத்தில், எந்த வெப்பத்தில் என்பது மீதி.

கோடை வேறு கதை. உயர் அழுத்த மையம் கிழக்கே நகரும்போது அதன் பின்புறத்தில் காற்று வடக்கிலிருந்து, பாலைவனத்திலிருந்து, கீழே இறங்கும். அடிலெய்டில் 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி பதிவானது. வடக்கே ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7. இந்த வடக்குக் காற்று வீசுகிற நாட்கள்தான் காட்டுத்தீ நாட்கள். அதைத் துரத்திக்கொண்டு குளிர் முகப்பு வரும். ஒரு மணி நேரத்தில் வெப்பநிலை பதினைந்து டிகிரி கூட விழும். ஊர்க்காரர்கள் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் தீ அணைக்கிறவர்களுக்கு அதுதான் பயங்கரமான தருணம். காற்றின் திசை வடக்கிலிருந்து தென்மேற்குக்குச் சட்டென்று திரும்பும். அதுவரை நீளவாக்கில் ஓடிக்கொண்டிருந்த தீயின் பக்கவாட்டுச் சுவர் முழுதும் புதிய முன்வரிசையாக மாறிவிடும். 1983 பிப்ரவரி 16இல், சாம்பல் புதன் என்று பெயர் பெற்ற நாளில், தென் ஆஸ்திரேலியாவிலும் விக்டோரியாவிலும் சேர்த்து 75 பேர் இறந்தார்கள். விக்டோரியாவில் சாவுகள் பெரும்பாலும் இந்தத் திசை மாற்றத்துக்குப் பிறகு நேர்ந்தவை.

கோடை, இலையுதிர், குளிர், வசந்தம் என்ற நான்கு பருவங்களும் ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்தவை. அடிலெய்டு சமவெளியின் கௌர்னா மக்களுக்கும் நான்கு பருவங்கள் உண்டு: வார்ல்டட்டி, பர்னட்டி, குட்லிலா, விர்ல்டுட்டி. எனக்குப் பிடித்தது பர்னட்டி. பர்னா என்ற விண்மீன் தென்படத் தொடங்கினால் மழை வரப்போகிறது, நீர் புகாத குடிசை கட்டிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். தேதி பார்த்து அல்ல, வேலை பார்த்துப் பிரித்த பருவம். இன்று அந்த மாநிலத்துக் கோதுமை விவசாயி ஏப்ரல் கடைசியில் 'பருவம் உடைவது' என்று சொல்லிக் காத்திருப்பதும் அதே வாரங்களைத்தான். முதல் நல்ல மழை விழுந்ததும் விதைப்பு. அது பொய்யாக உடைந்தால், அதாவது ஒரு மழை பெய்து முளைவிட வைத்துவிட்டு அடுத்த ஐந்து வாரம் ஒன்றும் பெய்யாமல் போனால், விதை போச்சு. ஆகஸ்ட், செப்டம்பரில் கதிர் வரும்போது உறைபனி. கோய்டர் கோட்டை ஒட்டியிருக்கிற யங்காலாவில் 1976 ஜூலையில் மைனஸ் 8.2 டிகிரி பதிவானது. மாநிலத்திலேயே மிகக் குறைந்த வெப்பநிலை அது. வெயிலால் பிரபலமான பகுதியில் பூத்த பயிர் குளிரில் கருகுவது வெளியூர்க்காரருக்கு நம்ப முடியாத விஷயம். நவம்பர், டிசம்பரில் அறுவடை.

இப்போது கோட்டுக்கு வருவோம்.

ஜார்ஜ் வுட்ரோஃப் கோய்டர் 1826இல் லிவர்பூலில் பிறந்தவர். 1861இல் தென் ஆஸ்திரேலியக் காலனியின் சர்வேயர் ஜெனரல் ஆகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அந்தப் பதவியில் இருந்தார். ஆள் குள்ளம், ஓய்வே கிடையாது. ஊரில் அவருக்கு வைத்த பெயர் 'சின்ன எனர்ஜி'. கோட்டுக்கு முன்னால் அவர் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1857இல், துணை அதிகாரியாக இருந்தபோது, வடக்கே உப்பு ஏரிகள் பக்கம் போனார். அப்போது நல்ல மழை பெய்திருந்தது. ஏரியில் நன்னீர், கரையில் பசும்புல், தூரத்தில் மரங்கள் அடர்ந்த தீவுகளும் பாறை முகடுகளும் என்று அறிக்கை எழுதினார். அடிலெய்டு துள்ளிக் குதித்தது. அவருடைய மேலதிகாரி ஃப்ரீலிங் படகெல்லாம் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்த்தார். சேறு. தீவுகளும் முகடுகளும் கானல். தண்ணீர் இருந்தது உண்மை, ஆனால் அது ஒரு மழையின் தண்ணீர்.

ஒரு நல்ல பருவத்தை வைத்து ஒரு நிலத்தை எடை போடக்கூடாது என்று கோய்டருக்குப் பாடம் எடுத்தது யார் என்று கேட்டால், நான் அந்த ஏரியைத்தான் சொல்வேன்.

1863 முதல் 1866 வரை பெரிய வறட்சி. வடக்கே ஆட்டுப் பண்ணைகள் செத்துக்கொண்டிருந்தன. அதற்குச் சற்று முன்புதான் கோய்டரே அந்தப் பண்ணைகளின் குத்தகையை மதிப்பிட்டு ஏற்றியிருந்தார். பண்ணையாளர்கள் அவர் மேல் கொதித்துப்போயிருந்தார்கள். யாருக்குக் குத்தகையில் சலுகை கொடுப்பது, யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்க அரசுக்கு ஒரு எல்லை தேவைப்பட்டது. வறட்சி எதுவரை வந்திருக்கிறது, மழை எதுவரை எட்டியிருக்கிறது? 1865 நவம்பரில் அதைக் குறித்துவர கோய்டரையே அனுப்பினார்கள். டிசம்பர் 6 அன்று அறிக்கை கொடுத்துவிட்டார். மொத்தப் பயணம் ஏறத்தாழ 3000 கிலோமீட்டர், குதிரையில்.

கவனியுங்கள், அது விவசாயிக்காகப் போட்ட கோடு இல்லை. ஆட்டுக்காரர்களின் வாடகைத் தள்ளுபடிக்குப் போட்ட கோடு.

எப்படிப் போட்டார்? வடக்கே அப்போது மழைமானிகள் கிட்டத்தட்டக் கிடையாது. இருந்திருந்தாலும் நான்கைந்து வருடக் கணக்கை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. அவர் செடிகளைப் பார்த்தார். தெற்கே மாலி என்கிற, அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைக்கும் குட்டை யூகலிப்டஸ். வடக்கே சால்ட்புஷ், புளூபுஷ் என்கிற புதர்கள். இலையிலேயே உப்பைச் சேர்த்துக்கொண்டு மாதக்கணக்கில் மழையில்லாமல் பிழைத்துக் கிடப்பவை. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தைக் கோடாக இழுத்துக்கொண்டே போனார். மேற்கே சிடூனா பக்கம் தொடங்கி, ஐர் தீபகற்பத்தைக் குறுக்காக வெட்டி, ஸ்பென்சர் வளைகுடாவைத் தாண்டி, பிறகு ஃப்ளிண்டர்ஸ் மலைத்தொடரின் தெற்கு முனையை ஒட்டி வடக்கே ஏறி, ஒரூரு பக்கம் திரும்பி, பர்ரா வழியாகத் தென்கிழக்கே இறங்கி, விக்டோரியா எல்லையில் பின்னாரூ அருகே முடிகிறது.

நடுவில் வடக்கே ஏறுகிற அந்த மூக்குக்குக் காரணம் மலை. மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று மவுண்ட் லாஃப்டி, ஃப்ளிண்டர்ஸ் மலைகளில் மோதி மேலேறும்போது கூடுதலாகக் கொஞ்சம் பிழிந்துகொடுக்கிறது. அடிலெய்டுக்கு மேலே குன்றில் இருக்கிற ஸ்டர்லிங்கில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் பெய்யும். மலையின் மறுபுறம் மழை மறைவில் இருக்கிற மர்ரே பிரிட்ஜில் அதில் பாதிகூடக் கிடையாது. இரண்டுக்கும் இடையே காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

பின்னாளில் மழைமானிக் கணக்குகள் சேர்ந்த பிறகு, கோடு ஏறக்குறைய ஆண்டுக்கு பத்து அங்குலம், அதாவது 250 மி.மீ. மழைக்கோட்டோடு ஒத்துப்போகிறது என்று எழுதினார்கள். சில இடங்களில் அது 300 மி.மீ. பக்கம் போகிறது. பாடப்புத்தகங்களில் 'கோய்டர் கோடு = பத்து அங்குல மழைக்கோடு' என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது சரியாகப் படவில்லை. செடி சராசரியைக் காட்டாது. நூறு வருடத்தில் மிக மோசமான வருடங்களை எது தாக்குப்பிடிக்குமோ அதுதான் அங்கே நிற்கும். மாலி ஓர் இடத்தில் அடர்ந்திருக்கிறது என்றால், சராசரியாக நல்ல மழை என்று மட்டும் அர்த்தமில்லை, மோசமான வருடங்களும் அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம். கோய்டர் அளந்தது மழையின் அளவை அல்ல, மழையின் நம்பகத்தன்மையை. மழைமானி ஐம்பது வருடம் நின்று சொல்லவேண்டியதை ஒரு புதர் அவருக்கு ஒரே மாதத்தில் சொல்லிவிட்டது.

நம்பகத்தன்மை ஏன் இவ்வளவு முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 1984இல் ஃப்ரெஞ்ச், ஷூல்ட்ஸ் என்ற இரண்டு தென் ஆஸ்திரேலிய வேளாண் ஆய்வாளர்கள் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். இன்றும் அங்கே விவசாயிகள் பயன்படுத்துவது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரையான மழையை மி.மீ.யில் எடுங்கள். அதில் 110ஐக் கழியுங்கள். அது மண்ணிலிருந்து வெறுமனே ஆவியாகிப் போகிற பங்கு. மீதியை 20ஆல் பெருக்குங்கள். ஹெக்டேருக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ கோதுமை கிடைக்கலாம் என்று வரும்.

பருவ மழை 300 மி.மீ. என்றால் 3800 கிலோ. 200 என்றால் 1800 கிலோ. 130 என்றால் வெறும் 400 கிலோ. விதைக்கும் வேலைக்குமே கட்டாது.

200க்கும் 130க்கும் நடுவில் என்ன நடந்தது பாருங்கள். மழை 35 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 78 சதவீதம் குறைந்துவிட்டது. அந்த 110 மி.மீ. வரி மாதிரி, எல்லா வருடமும் முதலில் அதைக் கட்டியாக வேண்டும். ஈரமான ஊரில் அது சின்ன வரி. வறண்ட விளிம்பில் அது கிட்டத்தட்ட மொத்த வருமானம். அதோடு, எங்கே மழை குறைவோ அங்கேதான் வருடத்துக்கு வருடம் ஏற்ற இறக்கமும் அதிகம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்? சில வருடம் அருமையான விளைச்சல், சில வருடம் சுத்தமாக ஒன்றுமில்லை. நடுவே 'சுமாரான வருடம்' என்பதே அபூர்வம். அப்படி ஒரு ஊரில் நல்ல வருடத்தில் போய் இறங்குகிறவனுக்கு, அது நல்ல ஊர் என்று தோன்றுவதில் தப்பே சொல்ல முடியாது.

அதுதான் நடந்தது. 1869இல் வந்த ஒரு சட்டத்தால் காலனியில் விவசாய நிலத்தைக் கடனில் வாங்க முடிந்தது. 1872இல், அந்தக் கடன் விற்பனை கோய்டர் கோட்டுக்குத் தெற்கே மட்டும் என்று சட்டத்திலேயே எல்லை கட்டினார்கள். வாடகைக்குப் போட்ட கோடு விவசாய எல்லையானது அப்போதுதான். ஆனால் 1870களின் தொடக்கத்தில் மழை தாராளம். கோட்டுக்கு வடக்கே புல் இடுப்பளவு. ஒரு சர்வேயர் எங்கோ வரைந்த கோட்டுக்காக நல்ல நிலத்தை ஆடுகளுக்கு விட்டுவைப்பதா என்று நிலம் கேட்டவர்கள் கொதித்தார்கள். அரசியல்வாதிகளுக்கோ நிலம் விற்றால் காசு, ஆட்கள் குடியேறினால் ஓட்டு. 1874இல் எல்லையை எடுத்துவிட்டார்கள். கோய்டர் எச்சரித்தார். கேலிதான் மிஞ்சியது.

அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை சுற்றி வந்தது: உழுதால் மழை வரும். மண்ணைக் கிளறினால் ஈரம் மேலேறும், மேகமாகும், பயிர் வைத்தால் காற்று குளிரும். அமெரிக்காவில் நெப்ராஸ்கா சமவெளியில் நிலம் விற்றவர்களும் இதையேதான் பாடினார்கள். சார்ல்ஸ் டேனா வில்பர் 1881இல் அதற்கு 'மழை ஏரைத் தொடரும்' என்று வாசகமே கொடுத்தார். இது முழு முட்டாள்தனம் என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். அவர்கள் பார்வையில் ஆதாரம் இருந்தது, பாவம்: உழுதார்கள், மழை வந்தது. மழை வந்ததால்தான் உழப் போனார்கள் என்பது வரிசையை மாற்றிப் பார்த்தால்தான் தெரியும். தென் ஆஸ்திரேலியாவில் விழுகிற மழையின் ஈரம் பெருங்கடலிலிருந்து வருவது. உள்ளூர் வயலின் ஆவி அதில் ஒரு பொருட்டே இல்லை. சொல்லப்போனால் எதிர்த்திசையில் ஒரு விஷயம் தெரியவந்திருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் முயல் தடுப்பு வேலி என்று நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வேலி ஒன்று ஓடுகிறது. அதன் ஒருபக்கம் கோதுமை, மறுபக்கம் இயற்கையான புதர்க்காடு. மேகங்கள் அடிக்கடி கட்டுவது புதர்க்காட்டுப் பக்கம்தான் என்பதைச் செயற்கைக்கோள் படங்களும் விமான ஆய்வுகளும் காட்டின. உழுத பக்கம் அல்ல.

குடும்பங்கள் வண்டி கட்டிக்கொண்டு வடக்கே போயின. ஹாமண்ட், கேரிட்டன், க்ரேடக், ஜான்பர்க் என்று ஊர்கள் காகிதத்தில் தெருவோடும் தேவாலயத்தோடும் பிறந்தன. இவற்றுக்கெல்லாம் வடக்கே 'கவர்ன்மென்ட் கம்ஸ்' என்று ஒரு நீர்நிலை இருந்தது. 1878இல் அங்கே ஊர் போட்டு, ஃபரினா என்று பெயர் வைத்தார்கள். லத்தீனில் மாவு. கோதுமை மாவு! கோட்டிலிருந்து எங்கோ வடக்கே, மழை 200 மி.மீ.கூடத் தேறாத இடத்துக்கு வைத்த பெயர். 1880இல் வறட்சி தொடங்கி 1882 வரை விடவில்லை. விதைத்தது முளைக்கவில்லை. முளைத்தது காய்ந்தது. சால்ட்புஷ் புதரைத்தான் முதலில் வெட்டி எரித்திருந்தார்கள். பிடித்து வைக்க வேர் இல்லாத மேல்மண் சிவப்புப் புழுதியாகக் கிளம்பிவிட்டது. கடன் மட்டும் நகரவில்லை. அரசு கடைசியில் கடன்களைத் தளர்த்த வேண்டிவந்தது, பலர் நிலத்தை விட்டுவிட்டுத் தெற்கே திரும்பினார்கள். ரயில் மட்டும் 1882இல் ஃபரினாவுக்கு வந்து சேர்ந்தது. கோதுமை ஏற்ற அல்ல, ஆடும் மாடும் ஏற்ற. இன்று அந்த ஊர் இடிந்த கல்சுவர்கள்தான். பழைய நிலத்தடி ரொட்டி அடுப்பு ஒன்றைத் தன்னார்வலர்கள் பழுதுபார்த்து, குளிர்காலத்தில் சில வாரங்கள் சுற்றுலாப் பயணிகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறார்கள்.

இந்தச் சீமையில் அதற்கு முன்பே மனிதர்கள் இல்லையா என்றால், இருந்தார்கள். ங்காட்ஜூரி, நுக்குனு, அட்ன்யமதன்ஹா மக்கள். இடம் விட்டு இடம் போய் நீரையும் உணவையும் தேடிக்கொள்ளத் தெரிந்தவர்களை ஆட்டுப்பண்ணைகள் நீர்நிலைகளிலிருந்து முதலில் விரட்டின. நிற்கவே கூடாத இடத்தில் வேலி போட்டு நிற்பதற்கு அதன்பிறகு ஆட்கள் வந்தார்கள்.

சரி, தாது வருஷத்துக்கு எப்படித் தொடர்பு?

கோய்டர் காலத்தில் அதே காலனியில் இன்னொரு அரசு ஊழியர் இருந்தார், சார்ல்ஸ் டாட். தபால், தந்தி, வான்நோக்கு எல்லாம் அவர் பொறுப்பு. தெற்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து வடக்கே டார்வின்வரை கண்டத்தை ஊடுருவித் தந்திக் கம்பி இழுத்து 1872இல் முடித்தவர். அந்த வடமுனையில் டார்வின் ஊரை 1869இல் அளந்து மனை பிரித்தது யார் தெரியுமா? இதே கோய்டர்தான். டாட் தந்தி நிலைய ஊழியர்களுக்கு ஒரு கூடுதல் வேலை கொடுத்தார்: தினமும் காற்றழுத்தம், வெப்பம், மழை குறித்து அனுப்ப வேண்டும். சம்பளம் தந்திக்கு, வானிலை இலவச இணைப்பு.

1876இல் சென்னை மாகாணத்தில் தென்மேற்கும் பொய்த்தது, வடகிழக்கும் பொய்த்தது. 1877இல் தென்மேற்கு மறுபடி பொய்த்தது. நம் கும்மிப் பாட்டுகளில் தாது வருஷப் பஞ்சமாக நிலைத்துவிட்ட அந்தக் கொடுமையில் இறந்தவர் எண்ணிக்கை பற்றி மதிப்பீடுகள் பல. ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பதே பெரும்பாலான கணக்கு. தானிய ஏற்றுமதி, நிவாரணக் கூலியை வெட்டியது என்று மனிதர் செய்த பங்கு பெரிது. அது இந்தப் பதிவுக்குள் அடங்காது. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி ஹென்றி பிளான்ஃபோர்ட் மேல் விழுந்தது. 1875இல் இந்தியாவுக்கு முதல் வானிலை அறிக்கையாளராக அமர்த்தப்பட்டவர். அந்த வறட்சிக் காலத்தில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட அதிகமாக இருந்ததை அவர் கவனித்தார். இது இந்தியாவோடு நிற்கிற விஷயமா என்று அறிய, மற்ற நாட்டு அழுத்தப் பதிவுகளைக் கேட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து பதில் கொடுத்தவர் டாட். அங்கேயும் அழுத்தம் அதிகம்தான். 1888இல் டாட் தன் பதிவுகளை இந்தியப் பதிவுகளோடு வைத்துப் பார்த்து, கடுமையான வறட்சிகள் இரண்டு நாடுகளிலும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் வருகின்றன என்று எழுதிவிட்டார்.

இரண்டு தந்தி அலுவலகங்கள் எண்களை மாற்றிக்கொண்டதில் பிறந்த அந்த யோசனையை, 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையை நடத்திய கில்பர்ட் வாக்கர் எடுத்து வளர்த்து, 'தெற்கு அலைவு' என்று பெயர் வைத்தார். பசிபிக்கின் ஒரு முனையில் அழுத்தம் ஏறினால் மறுமுனையில் இறங்குகிற ஊசலாட்டம். அதன் கடல் பக்கம்தான் எல் நினோ. இன்றும் அந்த அலைவைக் காட்டும் குறியீட்டு எண் டஹிட்டி, டார்வின் என்ற இரண்டே ஊர்களின் அழுத்த வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தத் தொடர் 1876இல் தொடங்குகிறது. கோய்டர் மனை பிரித்த, டாட் கம்பி இழுத்த ஊர். தாது வருஷம். 1877–78 எல் நினோ நம்மிடம் பதிவு இருக்கும் எல்லாவற்றிலும் மிக வலுவானவற்றில் ஒன்று.

இதை வைத்துக்கொண்டு 'அங்கே காய்ந்தால் இங்கே காயும்' என்று சூத்திரம் செய்துவிடக்கூடாது. எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பலவீனமாகும் வாய்ப்பு அதிகம், ஆனால் தமிழகத்துக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுதலாகவே பெய்யும். போதாததற்கு இந்தியப் பெருங்கடலுக்கென்று தனி ஊசல் ஒன்று உண்டு என்று 1999இல் சஜி, யமகாட்டா குழுவினர் காட்டினார்கள். அதன் கிழக்குப் பக்கம் குளிர்ந்து மேற்குப் பக்கம் சூடானால் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குக் குளிர்கால, வசந்த கால மழை குறையும். 2019இல் அது மிக வலுவாக இருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் பதிவிலேயே மிக வறண்ட ஆண்டு, அதன் முடிவில் கங்காரு தீவு எரிந்தது. அதே ஆண்டு இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை சராசரிக்கு மேல். டாட் பார்த்தது உண்மை, ஆனால் முழு உண்மை அல்ல.

கோட்டின் இன்றைய நிலையைச் சொல்லி முடிக்கிறேன். கோய்டருக்குப் பிறகு விவசாயம் சும்மா இருக்கவில்லை. மாலி வேரில் மோதினால் தானே எழும்பித் தாண்டுகிற கலப்பையை 1876இல் ரிச்சர்ட் பௌயர் ஸ்மித் செய்தார். சூப்பர் பாஸ்பேட் வந்தது. சீக்கிரம் விளைந்து வறட்சிக்கு முன்பே தப்பிக்கிற ஃபெடரேஷன் கோதுமையை வில்லியம் ஃபாரர் 1901இல் கொடுத்தார். இப்போது உழுவதே இல்லை, போன பயிரின் தாளை அப்படியே விட்டு அதன் நடுவே கீறி விதைக்கிறார்கள், அந்த 110 மி.மீ. வரியைக் கொஞ்சமாவது குறைக்க. இவ்வளவுக்குப் பிறகும் கோதுமையின் எல்லை கோட்டைச் சுற்றியே நிற்கிறது. சில வருடம் தாண்டிப் பார்க்கிறார்கள், அடுத்த வறட்சியில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.

ஆனால் கோடே இப்போது நகர்கிறதோ என்பதுதான் அங்கே கவலை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஏப்ரல்–அக்டோபர் மழை 1990களிலிருந்து சுமார் பத்து சதவீதம் குறைந்திருக்கிறது. நான் மேலே சொன்ன அந்த உயர் அழுத்தப் பட்டை வலுத்து, கதவு குளிர்காலத்திலும் சரியாகத் திறக்காமல் போவது இதன் ஒரு காரணம். பத்து சதவீதம்தானே என்று தோன்றினால், 110ஐக் கழித்துப் பாருங்கள். 200 மி.மீ. பருவ மழை 180 ஆனால், விளைச்சல் 1800லிருந்து 1400 ஆகிவிடும். 2024இலும் 2025இன் தொடக்கத்திலும் அந்த மாநிலத்தின் வேளாண் பகுதிகள் பலவற்றில் பதிவிலேயே மிகக் குறைந்த மழை. கோட்டுக்கு நல்ல தெற்கே, பாதுகாப்பான இடம் என்று நான்கு தலைமுறையாக நினைத்திருந்தவர்கள் வைக்கோலுக்கு வெளிமாநிலங்களைக் கேட்டு நின்றார்கள்.

பிளான்ஃபோர்டின் அழுத்தக் கணக்குகள் பற்றியும், அவர் இமயமலைப் பனியை வைத்துப் பருவமழையை முன்கூட்டிச் சொல்லப் பார்த்தது பற்றியும் தனியாக எழுத வேண்டும். அடுத்த குறிப்பில் பார்ப்போம்.